காய்ந்துபோன பைக் பேட்டரி: 200 ரூபாய்க்குள் உயிர் கொடுக்க முடியுமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் எட்டு மாதமாகக் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. கிக்கர் அடித்தால் ஓடுகிறது, ஆனால் ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, சைடு கவரைக் கழற்றினால் பேட்டரிக்குள் தண்ணீரே இல்லை. மெக்கானிக் புதுசு போடச் சொல்லிவிட்டார். கையில் 200 ரூபாய்க்கு மேல் இப்போதைக்கு இல்லை, விடியற்காலையில் பால் கேனோடு மெயின் ரோட்டில் போக வேண்டும், ஏதாவது வழி இருக்கிறதா என்கிறார்.

இருக்கிறது தம்பி. எல்லாப் பேட்டரியும் பிழைக்காது, ஆனால் பிழைக்குமா பிழைக்காதா என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர்தான். அதனால் படிப்படியாகப் போகலாம், எந்தப் படியில் தேறாது என்று தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சக் காசைப் புதுப் பேட்டரிக்கு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. கிக்கர் மட்டும் உள்ள பழைய ஸ்ப்ளெண்டரில் இன்ஜின் ஓடுவதற்குப் பேட்டரி தேவையில்லை, ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் மேக்னெட் காயிலிலிருந்தே வந்துவிடும். பேட்டரிக்கு அங்கே வேலை ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரைச் சுற்ற பல பத்து ஆம்பியர் ஒரே மூச்சில் வேண்டும், பாதி செத்த பேட்டரி அதற்கு உதவாது. உங்கள் வண்டிக்குப் பாதி உயிர் வந்தாலே போதும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். எப்போதும் மைனஸ் ஒயரை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிளஸ் பக்கம் திருகும்போது ஸ்பேனர் சேஸில் பட்டாலே பொறி பறக்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கிவிடும். மேலே ஒரு செல்லுக்கு (தனி அறைக்கு) ஒன்றாக உள்ள ஆறு மூடியும் அப்போது மூடியே இருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் அந்த செல்லின் ஆசிட்டை முறிக்கும்.

இப்போது மூடிகளைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். டார்ச்தான், லைட்டர் தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன். பாசிட்டிவ் பிளேட் நல்ல நிலையில் செம்பழுப்பாக இருக்கும், நெகட்டிவ் பிளேட் சாம்பல் நிறம். மேல் ஓரத்தில் மட்டும் லேசாக வெளுத்திருந்தால் நம்பிக்கை உண்டு. பிளேட் முழுக்கச் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளை படர்ந்து, நடுவில் இருக்கும் பிரிப்பான் அட்டை உப்பி, அடியில் பழுப்பு மண்டி கிடந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் பிளேட்டிலிருந்து உதிர்ந்து விழுந்ததுதான் அந்த மண்டி, அதை மறுபடி பிளேட்டில் ஒட்ட வைக்க யாராலும் முடியாது. ஐந்து செல் ஓரளவு ஈரமாக இருந்து ஒரே ஒரு செல் மட்டும் எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்டியில் கீறல் இருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், இன்ஜின் சூடு படுகிற பக்கத்து செல்லாகவும் இருக்கலாம்.

அந்த வெள்ளை என்னவென்றால் லெட் சல்ஃபேட். பேட்டரி கரண்ட் கொடுக்கும்போதெல்லாம் இரண்டு பிளேட்டிலும் அது உருவாகத்தான் செய்யும், சார்ஜ் ஏறும்போது கரைந்துவிடும். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றால்தான் சின்னச் சின்னப் படிகங்கள் பெரிசாகி இறுகி, கரண்டுக்கு மசியாமல் உட்கார்ந்துகொள்ளும். வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும், 10 டிகிரி கூடினால் சார்ஜ் தானாக இறங்குகிற வேகம் சுமாராக இரட்டிப்பாகும் என்பது பேட்டரிக்காரர்கள் கணக்கு. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நின்ற வண்டி என்றால் எட்டு மாதம் என்பது நீண்ட காலம். அப்புறம், காற்றுப் பட்ட நெகட்டிவ் பிளேட் தானாகவே ஆக்சைடு ஆகிவிடும். அதனால்தான் தண்ணீர் வற்றிய பேட்டரி வெறுமனே சார்ஜ் இறங்கிய பேட்டரியைவிட மோசம்.

சரி, எதை ஊற்றுவது? இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். காய்ந்துவிட்டது என்றதும் புது ஆசிட் வாங்கி ஊற்றுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பழக்கமாகவே இருக்கிறது. குழம்பு கொதித்துச் சுண்டினால் தண்ணீர்தான் போகும், உப்பு சட்டியிலேயே இருக்கும், அதே கதைதான் இதுவும். ஆவியாகிப் போவதும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து போவதும் தண்ணீர் மட்டுமே, ஆசிட் உள்ளேயேதான் பிளேட்டில் சல்ஃபேட்டாகவும் அடியில் கெட்டியாகவும் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு பங்கு ஆசிட் ஊற்றினால் சார்ஜ் ஏறியதும் அடர்த்தி எங்கேயோ போய் பிளேட்டையும் அட்டையையும் அரிக்கும். இதில் ஏமாற்று வேலையும் நடந்துவிடுகிறது. ஆசிட் ஊற்றியதும் வோல்ட் கொஞ்சம் ஏறும், ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்தால் முழு சார்ஜ் என்று காட்டும், ஒரு வாரம் ஹாரனும் அடிக்கும், வேலை நடந்துவிட்டது என்று நினைப்பீர்கள், பிளேட் உள்ளே காலியாகவே இருக்கும். வண்டி சாய்ந்து ஆசிட் வெளியே கொட்டியிருந்தால் மட்டும்தான் ஆசிட் ஊற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும், ஒரு லிட்டர் பாட்டில் 50 ரூபாய்க்குள் முடியும். உங்கள் வண்டியின் 2.5 ஆம்பியர் அவர் பேட்டரி (பேச்சில் 2.5 ஆம்பியர் என்போம்) மொத்தமாகக் குடிப்பதே கால் லிட்டருக்கும் குறைவு, அதனால் பக்கத்து வீட்டுக்காரரோடு பாதி விலை போட்டுக்கூட வாங்கலாம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று பார்த்திருப்பீர்கள், அந்த உப்பும் இரும்பும் பிளேட்டில் உட்கார்ந்து பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜைத் தின்னும். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் அதற்கு ஈடு இல்லை, குடிக்க ருசி வேண்டும் என்று பல மெஷின்களில் கொஞ்சம் உப்பை விட்டுத்தான் வைப்பார்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். போர் தண்ணீருக்கு அது எவ்வளவோ தேவலை, ஆனால் காயிலில் படிந்த தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. 50 ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த வேலை வேண்டாம் என்பேன்.

ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு செல்லிலும் பிளேட் முங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். பெட்டியின் பக்கத்தில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு இருக்கும், இப்போதே மேல் கோடு வரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட்டாக வெளியே வழியும். விட்டதும் உர்ரென்று உறிஞ்சும், அரை மணி கழித்துப் பார்த்தால் மறுபடி பிளேட் வெளியே தெரியும், திரும்பவும் கொஞ்சம் விடுங்கள். அப்படியே ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். அவசரப்பட்டு உடனே சார்ஜில் போட்டால் உள்ளே நனையாத இடமெல்லாம் நனையாமலேயே நிற்கும்.

சார்ஜ் போடுவதுதான் இதில் மெயின் வேலை. முதல் வழி, பேட்டரி கடையில் கொடுப்பது. மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டி மாதிரி ஊர்களிலும் கார், டிராக்டர் பேட்டரிகளை வரிசையாக வைத்து சார்ஜ் ஏற்றுகிற கடைகள் உண்டு, வாங்குவது சின்னத் தொகைதான். ஆனால் கொடுக்கும்போது "அண்ணே, இது 2.5 ஆம்பியர், கால் ஆம்பியருக்கு மேல் வைக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிராக்டர் பேட்டரியோடு சேர்த்துப் பெரிய கரண்டில் போட்டால் உங்கள் குட்டிப் பேட்டரி ஒரு மணி நேரத்தில் கொதித்துவிடும். ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு என்பது எல்லாப் பேட்டரிக்கும் பொருந்தும் கணக்கு, 5 ஆம்பியருக்கு அரை, 9 ஆம்பியருக்கு 0.9. காய்ந்து மீண்ட பேட்டரிக்கு அதிலும் பாதி என்றால் இன்னும் நல்லது, நேரம்தான் கூட ஆகும்.

இரண்டாவது வழி வீட்டிலேயே. வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டு ஏறவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஏறாது, 12 வோல்ட் பேட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஏற குறைந்தது 14 வோல்ட்டாவது தள்ள வேண்டும். உடைந்த லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அது நல்ல சார்ஜர், ஆனால் நேராக மாட்டக் கூடாது, பிளஸ் ஒயரில் இடையே 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். பைக்கில் பார்க்கிங் லைட்டுக்குப் போடுகிற அதே குண்டு பல்புதான், எல்இடி உதவாது. பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போது அந்த பல்பு சுமார் 0.3 ஆம்பியருக்கு மேல் விடாது, அதாவது உங்கள் பேட்டரிக்குச் சொன்ன கால் ஆம்பியரை ஒட்டிய அளவு. 9 ஆம்பியர் பேட்டரி என்றால் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு வையுங்கள். அடாப்டர் பின்னில் எது பிளஸ் என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள், பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அந்த பல்பைக் கவனித்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மாட்டியதும் பல்பு எரியவே இல்லை, மீட்டர் வைத்தால் பேட்டரியில் 16, 17 வோல்ட் காட்டுகிறது என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் முழுசாகச் சார்ஜ் ஆகிவிட்டது என்றும் நம்ப வேண்டாம். சல்ஃபேட் இறுகி கரண்டையே உள்ளே விடவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டுவையுங்கள். சில மணி நேரத்தில் வோல்ட் மெல்ல 13க்குப் பக்கம் இறங்கி, பல்பின் கம்பி மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் தெரிய ஆரம்பித்தால் பேட்டரி வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு பத்து பன்னிரண்டு மணி நேரத்தில் வோல்ட் மறுபடி படிப்படியாக ஏறும், 15ஐத் தொட்டு ஆறு செல்லிலும் ஒரே மாதிரி பொடிக் குமிழ் வந்தால் கழற்றிவிடுங்கள். இந்த அடாப்டர் தானாக நிற்காது, அதனால் மாட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, பகலில் கண்ணெதிரில் செய்ய வேண்டிய வேலை. ஒரு பகல் முழுக்கப் போட்டும் பல்பு மினுங்கவே இல்லை என்றால் பேட்டரி தேறாது. மாறாக, பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்து, வோல்ட்டும் ஏறாமல், ஒரு செல் மட்டும் குமிழே விடாமல் கிடந்தால் அந்த செல் உள்ளே ஷார்ட். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு வந்தால் கழற்றி ஆற விட்டுப் பிறகு தொடருங்கள்.

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டில் ஒரு டையோடும் ஒரு குண்டு பல்பும் வைத்து நேராகப் பேட்டரி சார்ஜ் செய்கிற முறை ஒன்று கிராமத்துப் பக்கம் இன்னும் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் பேட்டரி டெர்மினல், அதில் கசிந்த ஆசிட் ஈரம் எல்லாமே மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும், தொட்டால் உயிர் போகும். வீட்டில் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

குமிழ் என்று சொன்னேனே, அது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் திண்ணையிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், அடுப்படி வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, கிளிப்பை மாட்டுவதும் எடுப்பதும் அடாப்டர் ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகே. கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரண மூக்குக்கண்ணாடியாக இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு நல்லது. கண்ணில் தெறித்துவிட்டால் யோசிக்காமல் குழாயடியில் ஒரு கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டியிருக்கும் கைலி இன்றைக்கு ஒன்றும் ஆகாதது மாதிரி இருக்கும், துவைத்த பிறகு பார்த்தால் சல்லடையாக ஓட்டை விழுந்திருக்கும், பழசைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கழற்றியதும் மீட்டரில் வருவதை நம்பாதீர்கள், ஒரு ராத்திரி சும்மா வைத்து மறுநாள் காலை பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் அருமை. 12.4 முக்கால், 12.2 பாதி. 10.5ஐ ஒட்டி வந்து நின்றால் ஆறில் ஒரு செல் போய்விட்டது, ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஐந்தைப் பெருக்கினால் அதுதான் வரும். அதை எந்த சார்ஜரும் சரி செய்யாது. வோல்ட் நன்றாக இருந்தாலும் சுமை கொடுத்துப் பார்த்தாக வேண்டும், 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நேராக மாட்டி எரிய விடுங்கள். புதுப் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். உங்களுடையது ஒரு மணி நேரம் எரிந்தும் 11.5க்குக் கீழே போகவில்லை என்றால் ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் தாராளம். ஐந்தே நிமிடத்தில் மங்கினால் மறுபடி ஒருமுறை மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், சில பேட்டரிகள் இரண்டாவது மூன்றாவது சுற்றில்தான் திறக்கும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். தேறிவிட்டால் இப்போதுதான் மேல் கோடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும்.

எப்சம் உப்பு போடலாமா, படிகாரம் போடலாமா என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். எப்சம் உப்பால் நான் பார்த்தவரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை, நடந்த நல்லதெல்லாம் கூடவே செய்த மெதுவான சார்ஜால் வந்ததுதான். உள்ளே தண்ணீரைத் தவிர எதையும் போடாதீர்கள்.

மூடியே இல்லாத எம்எஃப் (மெயின்டனன்ஸ் ஃப்ரீ) பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் தகட்டை நெம்பினால் ஆறு ரப்பர் தொப்பி இருக்கும், உள்ளே தளும்புகிற ஆசிட் இருக்காது, ஈரமான கண்ணாடி நார் அட்டைதான். ஒரு செல்லுக்கு சில மில்லி விட்டு அட்டை நனைந்ததோடு நிறுத்தி, தேங்கி நிற்பதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மிகவும் குறைவாகவே தேறும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது, நடுவழியில் நின்றுவிடலாம், அந்த வண்டிகளுக்கு இந்தச் சிக்கனம் வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, இந்தப் பேட்டரி ஏன் வற்றியது என்பது. சும்மா நின்றதால் மட்டும் எட்டு மாதத்தில் சொட்டில்லாமல் வற்றாது தம்பி. நிற்கும்போது சார்ஜ் இறங்கும், தண்ணீர் கொஞ்சம்தான் குறையும். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அதிக சார்ஜ் ஏறித் தண்ணீர் காய்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தேறிய பேட்டரியை வண்டியில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, பாதி த்ராட்டிலில் வைத்து டெர்மினலில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.8க்குள் நின்றால் சரி. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆர்ஆர் யூனிட் (பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டர்) போய்விட்டது, அல்லது அதன் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. எர்த்தைச் சுரண்டி இறுக்கிப் பார்க்கக் காசு ஆகாது, முதலில் அதைச் செய்யுங்கள். யூனிட் மாற்ற வேண்டியிருந்தால் சில நூறு ரூபாய்தான், பேட்டரியைத் தள்ளிப்போட்டாவது அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வாங்குகிற புதுப் பேட்டரியும் அடுத்த சித்திரைக்குள் இதே கதிக்கு வரும். 13ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜே வரவில்லை, கப்ளரைக் கழற்றிக் கருகியிருக்கிறதா பாருங்கள். பேட்டரிக்குள் வரும் வாயு வெளியேறப் பக்கத்திலிருந்து கீழே இறங்குகிற மெல்லிய ரப்பர் டியூப் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சைடு கவர் மாட்டும்போது அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

தேறாவிட்டால் உள்ளே இருக்கும் ஆசிட்டைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், காய்ச்சி ஈயம் எடுக்கிறேன் என்று கேட்டு வருபவர்களிடமும் கொடுக்காதீர்கள், அந்தப் புகை சுற்றியிருக்கும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். மூடியோடு அப்படியே பேட்டரி கடைக்குக் கொண்டுபோங்கள், ஈயத்துக்கு விலை இருப்பதால் புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்வார்கள். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன, அதனால் அதிகாரத்தோடு கேட்கலாம்.

மல்டிமீட்டர் இல்லை என்றால் வாங்க வேண்டாம், ஊரில் எலக்ட்ரீஷியன் யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள். மூன்று ரீடிங் எனக்கு வேண்டும்: சார்ஜ் கழற்றிய மறுநாள் காலை வோல்ட், 10 வாட் பல்பு ஒரு மணி நேரம் எரிந்த பிறகு வோல்ட், வண்டி ஓடும்போது வோல்ட். எழுதுங்கள், அடுத்து எதில் காசு போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.